தர அடிப்படையிலான முன்னேற்ற அறிக்கை (முதல் வகுப்பு)

தர அடிப்படையிலான முன்னேற்ற அறிக்கை என்பது ஐக்கிய அமெரிக்காவின் பல தொடக்கப் பள்ளிகள் பெற்றோருக்கு வழங்கும் மதிப்பீட்டு அறிக்கை ஆகும். இதில் மொத்த மதிப்பெண்ணோ வகுப்புத் தரவரிசையோ இராது. ஆண்டு இறுதிக்குள் பிள்ளை பெற வேண்டிய ஒவ்வொரு திறனும் தனித்தனியே மதிப்பிடப்படும்.

2010இல் வெளியான 'காமன் கோர்' கல்வித் தரங்களின்படி, முதல் வகுப்பு முடிவில் பிள்ளைக்கு 120 வரை எண்ணவும், 20க்குள் கூட்டிக் கழிக்கவும், கடிகாரத்தில் மணியும் அரைமணியும் பார்த்துச் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும்.

குறியீடுகள் பள்ளிக்குப் பள்ளி மாறும். 1 முதல் 4 வரையான அளவுகோலில் பொதுவாக 3 என்பது தரத்தை எட்டியதையும், 2 என்பது எட்டும் வழியில் இருப்பதையும் குறிக்கும். எனவே முதல் பருவத்தில் பெறும் 2 தோல்வியன்று. அடுத்தடுத்த அறிக்கைகளிலும் அது மாறாதிருந்தால், அந்தத் திறனைக் குறிப்பிட்டு ஆசிரியரிடம் பெற்றோர் பேசுவது பயன்தரும்.