பன்றியின் குடலுக்குள் ஓர் ஊர்

பன்றி என்றதும் முகம் சுளிப்போர் உண்டு. ஆனால் ராபர்ட்சன்பேட்டையிலும் சுரங்க லைன்களிலும் வளர்ந்த நம்மில் பலருக்கு அது அயலான பிராணி அல்ல. 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பின், "நாலு வெண்பன்றி வளர்த்தால் பிழைக்கலாமா?" என்று கேட்போரும் உண்டு. அப்படிக் கேட்போர் முதலில் அறிய வேண்டியது பன்றியின் குடலைப் பற்றித்தான்.

பன்றியின் பெருங்குடலில் ஒரு கிராம் கழிவில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. இரைப்பையிலோ அமிலம் மிகுதி. அங்கே அவை குறைவு. பன்றியால் தானே செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்க வைத்துச் சிறு அமிலங்களாக்குகின்றன. அவை குடற்சுவருக்கும் உடலுக்கும் உணவாகின்றன.

இந்தக் கூட்டம் எல்லாப் பன்றிக்கும் ஒன்றல்ல. பிறந்த குட்டி, தாயிடமிருந்தும் கொட்டிலின் தரையிலிருந்தும் இவற்றைப் பெறுகிறது. பால் குடிக்கும்வரை லாக்டோபாசில்லஸ் போன்றவை செழிக்கும். தவிடும் சோளமும் தின்னத் தொடங்கியதும் பிரிவோடெல்லா என்னும் வகை பெருகும். ஓட்டல் மிச்சத்தில் வளர்வதற்கும் கலப்புத் தீவனத்தில் வளர்வதற்கும் வேறுபாடு உண்டு. 2016இல் பிரான்சு, டென்மார்க், சீனா ஆகிய நாடுகளின் 287 பன்றிகளை ஆராய்ந்தவர்கள், அவற்றின் குடல் நுண்ணுயிர்களில் 77 இலட்சம் மரபணுக்களைக் கணக்கிட்டனர்.

ஆபத்தான காலம் பால் மறக்கடிக்கும் நாட்களே. தாயைப் பிரிந்த ஏக்கம், புதிய தீவனம், புதிய கூட்டாளிகள் என எல்லாம் ஒன்றாக வரும். பழைய பாக்டீரியாக் கூட்டம் கலைந்து, புதியது நிலைபெறுவதற்குள் தீய ஈ.கோலை புகுந்துவிடும். கழிச்சல் கண்டு குட்டிகள் மடியும்.

இதற்குப் பல நாடுகளில் கண்ட எளிய வழி, தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பது. ஆனால் மருந்துக்குத் தப்பிய கிருமிகளே பிறகு பெருகுகின்றன. கோலிஸ்டின் என்பது வேறெந்த மருந்தும் பயன்படாத நோயாளிக்கு மருத்துவர்கள் தரும் கடைசி மருந்துகளில் ஒன்று. அதை எதிர்க்கும் ஆற்றல் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது என்பது 2015இல் சீனப் பன்றிகளின் ஈ.கோலையில் தெரியவந்தது. 2019 ஜூலையில் இந்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கோலிஸ்டின் தருவதைத் தடை செய்தது. கொட்டிலில் நாம் செய்யும் தவறு ஆஸ்பத்திரிக் கட்டிலில் நம் பிள்ளையைத் தேடி வரக்கூடும் என்பதே இதன் பொருள்.

மாற்று வழி உண்டா? டென்மார்க் நாட்டினர் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை 2000க்குள் கைவிட்டனர். தொடக்கத்தில் குட்டிகளிடம் கழிச்சல் கூடியது. ஆயினும் தீவனத்தையும் பராமரிப்பையும் திருத்திச் சமாளித்தனர். அவர்கள் தொழில் அழிந்துவிடவில்லை.

நாம் செய்யக்கூடியவை எளியவை. பிறந்தவுடன் சீம்பால் கிடைக்கச் செய்யுங்கள். அவசரப்பட்டுப் பால் மறக்கடிக்காதீர்கள். தாயிடம் இருக்கும்போதே குட்டித் தீவனத்தைச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். தீவனத்தைத் திடீரென மாற்றாதீர்கள். ஓட்டல் மிச்சத்தை நன்கு கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள். கொட்டிலை உலர்வாக வையுங்கள். நோய் கண்டால் கடையில் கேட்டு மருந்து வாங்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலேறும் நம்மவர்களுக்கு ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டாத தூரமல்ல. குட்டி வாங்கும் முன் ஒருநாள் அங்கே சென்று கேட்டறிவது, பின்னால் பல நூறு ரூபாய் மருந்துச் செலவை மிச்சப்படுத்தும்.