வண்டியின் முதுகில் நான்கு இலக்கம்

2019 மே மாதம், விடிவதற்குள் திண்டிவனத்தில் ஒரு வீட்டில் தீப்பிடித்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் இறந்தார்கள். ஏசியிலிருந்து கேஸ் கசிந்து வெடித்ததாகச் செய்தி பரவியது. கத்திரி வெயில் நேரத்தில் அது நம்பும்படியாகவும் இருந்தது. சில நாட்களில் விசாரணை வேறு பக்கம் திரும்பியது. பெட்ரோல் கொண்டு நடத்தப்பட்ட கொலை அது என்றது போலீஸ்.

கணக்குப் போட்டிருந்தால் அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கும். வீட்டு ஸ்பிளிட் ஏசியில் இருக்கும் வாயு ஏறத்தாழ ஒரு கிலோ. பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 எளிதில் தீப்பிடிக்காது. புதியவற்றில் வரும் ஆர்-32 எரியும்தான். ஆனால் அறைக் காற்றில் அது சுமார் 14 சதவீதம் சேர வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒரு கிலோ முழுக்கக் கசிந்து பரவினாலும் 2 சதவீதத்தைக்கூடத் தொடாது. மின்கசிவால் பிளாஸ்டிக் கருகி எழும் புகை வேறு கதை; அது ஆளைக் கொல்லும்.

அதிகம் பயப்பட வேண்டியது ஊருக்கு வெளியே ஜிஎஸ்டி சாலையில் ஓடுகிறது. சென்னையிலிருந்து தெற்கே போகும் போக்குவரத்து திண்டிவனத்தில் புதுச்சேரிக்கும் செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் கிளை பிரிகிறது. விழுப்புரத்தில் மறுபடியும் பிரிகிறது. அந்த நெரிசலுக்குள்தான் டேங்கர் லாரிகளும் வருகின்றன. அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிகள் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. அதில் நான்கு இலக்க ஐ.நா. எண் இருக்கும். 1075 என்றால் எல்பிஜி, 1005 அமோனியா, 1017 குளோரின். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணும் பக்கத்திலேயே இருக்கும். பின்னால் பைக்கில் வருபவர்களில் எத்தனை பேர் அதைப் படிக்கிறார்கள்?

எண் எதற்கு என்றால், எந்தப் பக்கம் ஓடுவது என்பதே அதைப் பொறுத்தது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தண்ணீரைப் போலப் பள்ளம் தேடிப் போய்ச் சாக்கடையிலும் தாழ்வான வீடுகளிலும் தேங்கும். காற்றில் 2 சதவீதம் சேர்ந்தாலே எரியத் தயார். 2012 ஆகஸ்ட் 27 இரவு கேரளத்தின் கண்ணூர் அருகே சாலாவில் டேங்கர் கவிழ்ந்தபோது, பரவிய வாயுவில் தீப்பற்றி 20 பேர் மாண்டார்கள். 2025 ஜனவரி 3 அதிகாலையில் கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எல்பிஜியோடு ஒரு டேங்கர் கவிழ்ந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்க, கசிவு அடைக்கப்பட்டது. சுற்றியிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். வாயு அதேதான், நெருப்புப் பொறி மட்டும் அதை எட்டவில்லை.

அமோனியாவின் குணம் இன்னும் குழப்பமானது. காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்றுதான் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். ஆனால் மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் திரவமாக இருந்து கசியும்போது, ஈரக் காற்றோடு கலந்து வெண்பனியாகத் தரையை ஒட்டியே நகரக்கூடும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரம், எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் வீட்டைவிட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகி, பிறகு காற்று வரும் பக்கம் போக வேண்டும். அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பதால் மூக்கில் ஈரத்துணி ஓரளவு உதவும். தேங்கிக் கிடக்கும் அமோனியாத் திரவத்தின் மேல் தண்ணீரைக் கொட்டினால் ஆவி இன்னும் அதிகமாகும். ஐஸ் ஃபேக்டரியிலும் பெரிய குளிர்பதனக் கிடங்கிலும் வேலை பார்ப்பவர்களுக்கு முதல் நாளே சொல்ல வேண்டிய பாடம் இது.

வெல்டிங் பட்டறையில் அபாயம் எப்போதும் வாசனையோடு வருவதில்லை. கறுப்பு சிலிண்டரில் உள்ள ஆக்சிஜன் தானாக எரியாது. மற்றதை வெறியோடு எரிய வைக்கும். திருகு இறுகிவிட்டது என்று வால்வில் கிரீஸ் தடவினால், சுமார் 150 மடங்கு காற்றழுத்தத்தில் சீறி வரும் ஆக்சிஜனில் அந்தக் கிரீஸே தீப்பற்றிவிடும். சட்டைத் தூசியை ஆக்சிஜன் ஹோஸால் ஊதித் தட்டுவதும் அதே ரக விபரீதம்.

பக்கத்தில் நிற்கும் மெரூன் சிலிண்டரில் அசெட்டிலின். அதை வெறும் வாயுவாக அழுத்தி அடைத்தால் காற்றே இல்லாமலும் சிதைந்து வெடிக்கும். அதனால் சிலிண்டருக்குள் நுண்துளைப் பொருளை நிரப்பி, அதில் ஊறிய அசெட்டோனில் கரைத்து வைக்கிறார்கள். படுக்கப்போட்டுப் பயன்படுத்தினால் அசெட்டோன் வால்வு வழியே வந்துவிடும். டெம்போவில் படுத்துக்கொண்டு வந்த சிலிண்டரை நிமிர்த்திச் சில மணி நேரம் விட்ட பிறகே ரெகுலேட்டரை மாட்ட வேண்டும். எரிவாயு இணைப்புகளின் மரை இடப்பக்கமாகத் திரும்பும், ஆக்சிஜனுக்கு வலப்பக்கம். ஒன்றின் ரெகுலேட்டரை இன்னொன்றில் தவறி மாட்டிவிடாமல் இருக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். அதையும் மீறி அடாப்டர் கடைந்து தரச்சொல்லி லேத்துக்குப் போகிறவரை எந்த மரையும் தடுக்காது.