எலும்புக்குள் ஒரு வலை

முதியவர் ஒருவர் ஈரத்தரையில் வழுக்கி விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. அதே தரையில் விழும் சிறுவனோ எழுந்து ஓடிவிடுகிறான். முதியவரின் உடலில் சுண்ணாம்புச் சத்து குறைந்ததே இதற்குக் காரணம் என்பர். அது பாதி உண்மையே. மறுபாதி, புரதத்தின் கூறுகளாகிய அமினோ அமிலங்களைச் சார்ந்தது.

எலும்பின் அமைப்பு

எலும்பு கல்லன்று, உயிருள்ள திசு. அதன் எடையில் பெரும்பங்கு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது உப்பாகும். எஞ்சியதில் மிகுதியாக இருப்பது கொலாஜன் என்னும் புரதம். கற்காரைக்குள் இரும்புக் கம்பிகள் அமைந்திருப்பதுபோலத் தாதுவுக்குள் கொலாஜன் வலை அமைந்துள்ளது. தாது எலும்புக்குக் கடினத்தைத் தருகிறது. கொலாஜன் அதிர்ச்சியைத் தாங்கும் இயல்பைத் தருகிறது. வலை நலிந்தால், தாது இருந்தும் எலும்பு எளிதில் முறியும்.

கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது. இம்முச்சுருள் அமைப்பை 1954ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்மொழிந்தனர். ஒவ்வோர் இழையிலும் மூன்றாவதாக வரும் அமினோ அமிலம் கிளைசின். எல்லாவற்றிலும் சிறியதாகிய அதுவே கயிற்றின் நடுவே உள்ள குறுகிய இடத்தில் அடங்கும். புரோலின், வைட்டமின் சி-யின் துணையால் ஹைட்ராக்சிபுரோலினாக மாறிக் கயிற்றை உறுதியாக்குகிறது. லைசின் அடுத்தடுத்த கயிறுகளைக் குறுக்கே பிணைக்கிறது.

இடையறாத புதுப்பிப்பு

எலும்பில் ஒருவகைச் செல்கள் பழைய பகுதியை அரிக்கின்றன. மற்றொரு வகைச் செல்கள் அங்கே புதியதைக் கட்டுகின்றன. வளர்ந்தவரின் எலும்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. சிதைந்த கொலாஜனிலிருந்து வெளிவரும் ஹைட்ராக்சிபுரோலின் புதிய கொலாஜனில் மீண்டும் சேர்வதில்லை. ஆதலால் வலையைச் செப்பனிட உணவிலிருந்து அமினோ அமிலங்கள் தொடர்ந்து கிடைக்கவேண்டும்.

முதுமையில் நேரும் மாற்றங்கள்

ஏறத்தாழ 30 வயது வரை எலும்பின் இருப்பு பெருகுகிறது. பின்னர் அரிப்பு மெல்ல மெல்லக் கட்டுமானத்தை விஞ்சுகிறது. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இவ்விழப்பு விரைவாகிறது. அமினோ அமிலங்களின் வளர்சிதை மாற்றமும் இக்காலத்தில் மாறுகிறது.

தசையை வளர்க்கத் தூண்டும் லியூசினுக்கு முதியோரின் தசைகள் முன்போல் இசைவதில்லை. தசை மெலிந்தால் எலும்புக்குக் கிடைக்கும் பயிற்சி குறையும்; தடுமாறி விழுவதும் மிகும். உணவில் புரதம் குறைந்தால், எலும்பைக் கட்டும் செல்களை ஊக்குவிக்கும் வளர்ச்சிக் காரணியைக் கல்லீரல் குறைவாகவே சுரக்கிறது.

மெத்தியோனின் மாற்றமடையும்போது இடையில் ஹோமோசிஸ்டைன் தோன்றுகிறது. வைட்டமின் பி12, ஃபோலேட் ஆகியவை போதிய அளவில் இருந்தால் அது மீண்டும் மெத்தியோனினாக மாறும். இவை குறைந்தால் இரத்தத்தில் ஹோமோசிஸ்டைன் மிகுந்து, கொலாஜனின் குறுக்குப் பிணைப்புகளைக் கெடுக்கக்கூடும். உணவிலுள்ள பி12 முதியோர் பலரின் உடலில் எளிதில் சேராததால் இது கருதத்தக்கது. டிரிப்டோபனிலிருந்து உண்டாகும் கைனுரெனின் என்னும் பொருள் முதுமையில் மிகுவதையும், அது எலும்பைக் கட்டும் செல்களுக்கு ஊறு செய்வதையும் விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன.

உணவும் உழைப்பும்

உடலால் ஆக்கிக்கொள்ள இயலாத அமினோ அமிலங்கள் ஒன்பது. அவற்றை உணவே தரவேண்டும். அரிசியிலும் கோதுமையிலும் லைசின் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனினைத் தானியம் ஈடுசெய்கிறது. வடநாட்டு ராஜ்மா சோறும் பருப்பு ரொட்டியும், கிச்சடியும், தென்னாட்டு இட்லியும் இவ்வகையில் ஒன்றை ஒன்று நிறைவாக்கும் உணவுகளே. பால், முட்டை, மீன் ஆகியவை இவ்வனைத்தையும் ஒருங்கே தருவன.

வளர்ந்தவர் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் கொள்ளவேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020இல் பரிந்துரைத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 50 கிராம். பல் வலுவிழந்தும் பசி குன்றியும் கஞ்சியோடும் தேநீரோடும் நாளைக் கழிக்கும் முதியோர்க்கு இவ்வளவு கிடைப்பதில்லை. குழைய வேகவைத்த பருப்பும் தயிரும் அவர்களுக்கு எளிதில் உதவும். சிறுநீரக நோயுடையோர் மருத்துவர் கூறும் அளவையே பின்பற்றவேண்டும்.

புரதத்தோடு கால்சியமும், வெயிலால் உடலில் உண்டாகும் வைட்டமின் டி-யும், நாள்தோறும் நடையும் வேண்டும். முதுமையில் செலவாகும் எலும்பு இளமையில் சேர்த்ததே. பள்ளிப் பருவத்து உணவும் விளையாட்டும் அச்சேமிப்பின் தொடக்கமாகும்.

பயிற்சி

1. எலும்பில் தாதுவும் கொலாஜனும் ஆற்றும் பணிகள் யாவை?
2. கொலாஜன் வலையைச் செப்பனிடப் புதிய அமினோ அமிலங்கள் தேவைப்படுவது ஏன்?
3. தானியத்தையும் பருப்பையும் சேர்த்து உண்பதன் பயனை விளக்குக.
4. உங்கள் வீட்டு முதியவர் ஒருவரின் ஒருநாள் உணவைப் பட்டியலிட்டு, அதில் புரதம் தருவனவற்றை அடிக்கோடிடுக.