நியூயார்க் போலீஸின் ஆறு தோட்டாக்கள்

1895-ல் தியோடர் ரூஸ்வெல்ட் நியூயார்க் போலீஸ் ஆணையர் குழுவுக்குத் தலைவராக வந்தபோது, காவலர்களின் துப்பாக்கிகளில் ஒரு ஒழுங்கும் இல்லை. அவரவர் காசுக்கும் கைக்கும் தகுந்தபடி ஒன்று. பின்னாளில் அமெரிக்க அதிபரான அந்த மனிதரின் காலத்தில்தான் அங்கே சுடும் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1896-ல் கோல்ட் கம்பெனியின் ‘நியூ போலீஸ்’ ரிவால்வர் எல்லோருக்கும் பொதுவானது. .32 அளவு, ஆறு தோட்டா. இன்றைய கணக்கில் வலுவில்லாத தோட்டாதான். ஆனாலும் நகரம் முழுக்க ஒரே தோட்டா, ஒரே பயிற்சி என்பது அன்றைக்குச் சின்ன விஷயமில்லை.

அந்த ரிவால்வரின் இடப்பக்கத் தாழ்ப்பாளைப் பின்னுக்கு இழுத்தால் சிலிண்டர் வெளியே சாயும். முன்னால் இருக்கும் கம்பியை அழுத்தினால் ஆறு காலிக் கூடுகளும் ஒருசேர வெளியே வரும். விசையை இழுக்கும்போது உள்ளே ஒரு சிறு எஃகுத் துண்டு மேலேறும். அது சிலிண்டரின் பின்புறப் பல்லைத் தள்ளி, அடுத்த அறையைக் குழலுக்கு நேரே கொண்டுவரும். அதே இழுப்பில் சுத்தியல் பின்னால் போய், கடைசியில் விடுபட்டு அடிக்கும். அந்த எஃகுத் துண்டு தேய்ந்தால் கதை கெட்டது: அறை நேருக்கு வருமுன்பே சுத்தியல் விழலாம். பழைய கோல்ட் வாங்குபவர்கள் சுத்தியலை மெதுவாக இழுத்து, சிலிண்டர் சரியான நேரத்தில் பூட்டிக்கொள்கிறதா என்று முதலில் பார்ப்பது இதனால்தான்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. துப்பாக்கி கைதவறி விழுந்து சுத்தியலில் அடிபட்டால் வெடித்துவிடலாம். ஆகவே எச்சரிக்கையான ஆள் சுத்தியலுக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விடுவார், ஆறு ஐந்தாகும். 1907-ல் வந்த ‘போலீஸ் பாசிட்டிவ்’ மாடலில் சுத்தியலுக்கும் துப்பாக்கியின் சட்டகத்துக்கும் நடுவே ஒரு எஃகுக் கட்டை நின்றது. விசையை இழுத்தாலொழிய அது விலகாது. கோல்ட் செய்ததிலேயே புத்திசாலித்தனமான வேலை இந்தக் கட்டைதான் என்பேன்.

பிறகு .38 ஸ்பெஷல் என்ற தோட்டா வந்தது. கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸன் இரண்டு கம்பெனிகளின் ரிவால்வர்களும் பல பத்தாண்டுகள் ஓடின. 1986-ல் நகரின் க்வீன்ஸ் பகுதியில் ஒரு காவலர் ஆறையும் சுட்டுத் தீர்த்து, மறுபடி தோட்டா நிரப்பும்போது கொல்லப்பட்டார். தோட்டா போதவில்லை என்ற பேச்சு அதன்பின் வலுத்தது. 1993-ல், கூடுதல் தோட்டா கொள்ளும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல்களுக்கு அனுமதி கிடைத்தது.

இங்கேதான் வேடிக்கை. ரிவால்வரின் சுத்தியலைக் கட்டைவிரலால் முன்கூட்டியே இழுத்து வைத்தால் விசை மிக லேசாகிவிடும். பதற்றத்தில் விரல் அசைந்தாலே சுட்டுவிடும். 1980-களின் கடைசியில் அப்படி இழுத்து வைக்கவே முடியாத ரிவால்வர்களைத்தான் துறை தந்தது. பிஸ்டல் வந்தபோதும் அந்தப் பயம் விடவில்லை. கம்பெனியிலிருந்து சுமார் ஐந்தரை பவுண்டு இழுப்போடு வரும் க்ளாக் பிஸ்டலில் கனமான ஸ்ப்ரிங் போட்டு, ஏறத்தாழ 12 பவுண்டாக்கிக் கொண்டார்கள். ‘நியூயார்க் ட்ரிகர்’ என்றே அதற்குப் பெயர். இடுப்பில் புதுத் துப்பாக்கி. விரலுக்குக் கிடைத்தது பழைய ரிவால்வரின் கனம்தான். அத்தனை கனமான விசை குறியைக் கெடுக்கும் என்ற புகாரும் கூடவே வந்தது, நியாயமான புகார்.

1993-க்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர்கள் விரும்பினால் ரிவால்வரையே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். அந்தச் சலுகையும் 2018 ஆகஸ்ட் 31-உடன் முடிந்தது.