முகிற் கணிமையில் ஊழியக் கணினிகளின் நிலையைக் குறிக்குமாறு

ஊழியர் என்ற அளவில் அலுவலக மேசையும் மாதச் சம்பளமும் நம் நினைவுக்கு வரும். முகிற் கணிமையில் ஊழியர் என வழங்கப்படுவனவோ உயிரற்ற கணினிகள். எங்கோ ஒரு மண்டபத்தில் நிரை நிரையாக அடுக்கப்பட்டு, ஏவிய வேலையைச் செய்து முடிப்பன அவை. வேலை மிகும்போது நூறாகப் பெருகும். குறையும்போது பத்தாகச் சுருங்கும். இவற்றுள் எது இயங்குகின்றது, எது ஓய்ந்திருக்கின்றது, எது மாண்டது என்பதை மேற்பார்வைச் செய்நிரல் எப்பொழுதும் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவை எவ்வடிவில் எழுதிவைப்பது என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள். இத்துறையிற் புகுந்த பழைய மாணவர்க்கு இது பழகியதேயாயினும், மேல்வகுப்பு மாணவரை மனத்திற்கொண்டு சற்று விரித்துரைப்போம்.

எவருக்கும் முதலில் தோன்றும் வழி, ஆம் அல்லது இல்லை என்னும் விடையுடைய குறிகள் சிலவற்றை வைத்தலாம். இயங்குகின்றதா, நிறுத்தப்பட்டதா, பழுதுற்றதா என மூன்று குறிகள் வைப்பின் எட்டுச் சேர்க்கைகள் உண்டாகும். அவற்றுட் பொருளுடையன மூன்றோ நான்கோதான். இயங்கிக்கொண்டே நிறுத்தப்பட்டிருக்கும் கணினி உலகில் இல்லை; ஆயினும் அச்செய்நிரலில் அதற்கு ஓர் இடம் உண்டு. ஒரு குறியை மாற்றி மற்றதை மாற்ற மறந்த அளவில் அவ்விடம் நிரம்பிவிடும். ஆதலின், ஒரு வேளையில் ஒரு பெயரே பொருந்துமாறு நிலைகளைப் பெயரிட்டு வரையறுத்தலே சிறந்தது என்பது எம் துணிபு.

அமேசான் நிறுவனம் 2006 இல் தொடக்கிய ஈ.சி.2 சேவை இவ்வழியையே கைக்கொண்டது. அங்கே எழும்புகின்றது என்பதற்கு 0, இயங்குகின்றது என்பதற்கு 16, ஒழிக்கப்படுகின்றது என்பதற்கு 32, ஒழிந்தது என்பதற்கு 48, நிறுத்தப்படுகின்றது என்பதற்கு 64, நின்றது என்பதற்கு 80 என எண்கள் உள. நின்ற கணினியை மீள எழுப்பலாம்; ஒழிந்ததை எழுப்ப இயலாது. நின்றதற்குக் கணினி வாடகை இல்லை. அதனோடு இணைந்த வட்டுக்கோ வாடகை ஏறிக்கொண்டேயிருக்கும். இவ்வேறுபாட்டை அறியாதார் மாத முடிவில் விலைப்பட்டியலைக் கண்டு திகைப்பர்.

பெயரிடுதலிலும் ஒரு தொல்லை உண்டு. நிறுத்தி மீள எழுப்பும் வசதி அச்சேவைக்கு 2009 இலேயே வந்தது. இவ்வாறு பிற்காலத்திற் புதுநிலை சேரும்போது, பழைய பெயர்களை மட்டும் அறிந்த செய்நிரல்கள் தடுமாறும். குபர்நெட்டீஸ் என்னும் மேற்பார்வை மென்பொருளை ஆக்கியோர் இதனை நன்குணர்ந்தனர். கூகுள் நிறுவனத்தார் 2014 இல் வெளியிட்ட இதன் பெயர் கிரேக்க மொழியில் மீகாமனைக் குறிக்கும். இதில் ஊழியக் கணினியின் நிலை ஒரே சொல்லாகச் சுருக்கப்படாது, ஆயத்தமா, நினைவகம் நெருக்குண்டதா, வட்டு நெருக்குண்டதா எனத் தனித்தனிக் கூற்றுகளாக எழுதப்படுகின்றது. முன்னர் நாம் விலக்கிய குறிகளே மீண்டும் வந்தனவோ எனின், அன்று. ஒன்றையொன்று விலக்கும் நிலைகளைத் தனிக் குறிகளாக்குதலே பிழை. ஒருங்கே நிகழத்தக்கவற்றைத் தனித்து எழுதுதல் முறையே. அன்றியும், இக்கூற்று ஒவ்வொன்றுக்கும் விடைகள் மூன்று: ஆம், இல்லை, தெரியாது.

இந்த மூன்றாம் விடையிலேதான் பொருளின் உயிர்நிலை உள்ளது. வகுப்பு இடாப்பில் வராத மாணவனுக்கு ஒரு குறி இடுகின்றோம். அவன் நோயுற்றானா, பேருந்தைத் தவறவிட்டு வந்துகொண்டிருக்கின்றானா என்பதை அக்குறி கூறாது. ஊழியக் கணினியும் இத்தகையதே. அது பத்து விநாடிக்கு ஒருமுறை தான் உளதெனச் செய்தி அனுப்பும். செய்தி சில முறை தவறின், மேற்பார்வையாளன் தெரியாது என்று எழுதுவான். இறந்தது என்று எழுதான். வழக்கமான ஏற்பாட்டில், மேலும் ஐந்து நிமிடம் பொறுத்த பின்னரே அதன் வேலையை வேறிடத்துக்கு மாற்ற முற்படுவான்.

இத்துணைத் தயக்கம் ஏன்? கணினி மாளாதிருக்க, இடையிலுள்ள வலையமைப்பு மட்டும் அறுந்திருக்கலாம். அதனை இறந்ததாகக் கொண்டு வேறொன்றை ஏவினால், ஒரே வேலையை இருவர் செய்வர். ஒருவர் கணக்கிலிருந்து ஒரே தொகை இருமுறை கழிக்கப்படலாம். தாமதிக்கும் கணினியையும் மாண்ட கணினியையும் தொலைவிலிருந்து ஐயமறப் பிரித்தறிதல், செய்தி வந்துசேரும் காலத்துக்கு வரம்பில்லாத வலையமைப்பில் இயலாது. ஃபிஷர், லிஞ்ச், பாற்றர்சன் என்னும் மூவர் 1985 இல் வெளியிட்ட புகழ்பெற்ற நிறுவலின் அடியிற் கிடக்கும் இடர்ப்பாடும் இதுவே.

இதற்கு மாற்றாக 1989 இல் கிரே, செரிற்றன் இருவரும் எழுதிய வழி குத்தகை முறையாகும். வேலைக்குரிய உரிமை குறித்த காலத்துக்கே அளிக்கப்படும். புதுப்பியாவிடின் அது தானே முடியும். எனினும், குத்தகை முடிந்ததை உணராது துயின்றெழுந்த கணினி பழைய நினைவோடு எழுதப் புகுதல் கூடும். அதனாற் குத்தகைதோறும் ஏறுவரிசையில் ஓர் எண் வழங்கி, தரவுத்தளம் தான் கண்ட எண்ணிலும் சிறிய எண்ணோடு வரும் எழுத்தை ஏலாது மறுக்குமாறு செய்வர்.