கை விறைப்பும் கரண்ட் பரிசோதனையும்

நான் ஓ.எல். வரை படித்தவன். வைத்தியம் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். என் வலது கைதான் தகுதி.

ரொறன்ரோவில் தொழிற்சாலை ஒன்றில் லைனில் நின்று ஸ்குரூ முறுக்குவது என் வேலை. ஒரு மாரியில், இரவில் கை விறைத்து நித்திரை முறியத் தொடங்கியது. பெருவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் எறும்பு ஊர்வது போலிருக்கும். சின்ன விரலுக்கு ஒன்றுமில்லை. குளிர்தான் காரணம் என்று இருந்துவிட்டேன். பிறகு தேத்தண்ணிக் கோப்பையும் கைநழுவி விழுந்தது.

குடும்ப வைத்தியர் நரம்புப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். "கரண்ட் கொடுத்துப் பார்ப்பார்கள்" என்றதும் எனக்கு வேர்த்துவிட்டது. ஊரில் தடுப்பில் இருந்துவந்த எங்களில் சிலருக்கு அந்தச் சொல்லின் பொருள் வேறு. குறித்த நாளில் இரண்டு தடவை போகவில்லை. மூன்றாம் தடவை, மனைவிக்கும் முழுதாகச் சொல்லாத அந்தக் கதையை வைத்தியரிடம் சொன்னேன். "நிறுத்து என்று சொன்னால் உடனே நிறுத்துவேன்" என்றார்.

நடந்தது இவ்வளவுதான். விரலிலும் உள்ளங்கையிலும் சிறு தகடுகளை ஒட்டி, மணிக்கட்டிலும் முழங்கையிலும் சிறு மின்துடிப்புக் கொடுத்தார்கள். ரப்பர் பட்டியைச் சுண்டியது போலிருக்கும், உடனே போய்விடும். துடிப்பு நரம்பில் ஓடும் வேகத்தைக் கருவி அளக்கும். நல்ல நரம்பென்றால் முன்னங்கையில் செக்கனுக்கு சுமார் 50 மீற்றருக்கு மேல் ஓடும். நரம்பு நெருக்குப்பட்ட இடத்தில் வேகம் குறையும். கை குளிர்ந்தாலும் குறையும். ஒரு பாகைக்கு சுமார் 2 மீற்றர். ஆகவே முதலில் கையைச் சூடாக்கினார்கள். மாரியில் போகிறவர்கள் கையுறையோடு போங்கள். கிறீம் பூசவேண்டாம்.

அடுத்தது ஊசி. மெல்லிய ஊசியைத் தசையில் வைத்து, தசை ஓய்ந்திருக்கும்போதும் இறுக்கும்போதும் எழும் மின்சைகையைப் பார்ப்பார்கள். இதில் மருந்தும் இல்லை, கரண்டும் இல்லை. கோளாறு நரம்பிலா தசையிலா என்று பிரித்தறிய இது உதவும்.

இந்தப் பரிசோதனைக்கும் போருக்கும் தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப்போரில் நரம்பு காயப்பட்ட வீரர்களுக்காக, மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஹேர்பேர்ட் ஜாஸ்பர் 1942-44 காலத்தில் இத்தகைய கருவி ஒன்றை அமைத்தார். ஷெல் துண்டு பட்டு நரம்பு கெட்ட எங்கள் ஆட்களுக்கும் இந்தப் பரிசோதனை உதவும்.

என் முடிவு: மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டிருக்கிறது. 'கார்ப்பல் ரனல்' என்பார்கள். இரவில் மணிக்கட்டுக்குப் பட்டி கட்டுகிறேன். பெருவிரலின் அடித்தசை மெலிந்துவிட்டது. "முதலே வந்திருக்கலாம்" என்றார் வைத்தியர்.

உங்களுக்குச் சில குறிப்புகள்: வைத்தியர் எழுதித் தந்தால் செலவை ஓகிப் ஏற்கும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள். இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்களும், பேஸ்மேக்கர் வைத்தவர்களும் அதை முதலே சொல்லவேண்டும். சலரோகக்காரர் கால் விறைப்பை அசட்டை செய்யவேண்டாம். வேலையால் வந்த நோ என்று அறிந்தால் 6 மாதத்துக்குள் டபிள்யூ.எஸ்.ஐ.பி.க்கு அறிவியுங்கள். பழைய நினைவுகள் வாட்டினால், சித்திரவதைக்குள்ளானோருக்கான கனேடிய நிலையம் ரொறன்ரோவிலேயே இருக்கிறது.

அந்தக் கரண்ட் எங்களைப் பேசவைக்க. இந்தக் கரண்ட் எங்கள் நரம்பைப் பேசவைக்க. பயந்து நாள் கடத்தாதீர்கள்.