அனுமதி அட்டையும் ஊழியரின் வயதும்

அண்மையில் சிறு நிறுவனம் ஒன்றின் முதலாளி கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மின்சார வேலைகளை எடுத்துச் செய்பவர் அவர். "எங்கள் பொறியாளருக்கு மாதம் 6,000 வெள்ளி கொடுக்கிறேன். 2025ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளிதானே? பிறகு ஏன் எம்ப்ளாய்மென்ட் பாஸைப் புதுப்பிக்க முடியாது என்கிறார்கள்?" என்றார். பொறியாளருக்கு என்ன வயது என்று கேட்டேன். 38 என்றார். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

செய்திகளில் அடிபடும் 5,600 வெள்ளி, 23 வயது இளைஞருக்கான தொகை. அதற்கு மேல் வயது ஏற ஏறத் தொகையும் படிப்படியாக ஏறும். 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த அட்டவணைப்படி 45 வயதிலும் அதற்கு மேலும் 10,700 வெள்ளி. நிதித் துறையில் 6,200 வெள்ளியில் தொடங்கி 11,800 வரை. 38 வயதுக்காரருக்கு ஏறத்தாழ 9,000 வெள்ளி ஆகிவிடும். நண்பர் கொடுப்பதோ 6,000.

இது அநியாயம் என்று அவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளூர் நிபுணர்கள், மேலாளர்கள், தொழில்நுட்பர்களில் கூடுதலாகச் சம்பாதிக்கும் மூன்றில் ஒரு பங்கினரின் சம்பளத்தை அளவுகோலாக வைத்தே மனிதவள அமைச்சு இந்தத் தொகையை முடிவு செய்கிறது. 15 ஆண்டு அனுபவமுள்ள வெளிநாட்டவரைப் புதுப் பட்டதாரியின் சம்பளத்துக்கு எடுக்கலாம் என்றால், 40 வயதில் வேலை தேடும் நம் வீட்டுப் பிள்ளைக்கு இடம் எங்கே? ஆனால் பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கும் பெரிய வங்கிக்கும் ஏறக்குறைய ஒரே ஏணி என்பது சிறியவர்களுக்குக் கனமான சுமைதான். அதையும் மறுக்க முடியாது.

தொகை ஏறி வந்த வேகத்தையும் பாருங்கள். 2014ல் 3,300 வெள்ளி, 2017ல் 3,600. 2020ல் மட்டும் இரண்டு முறை ஏறியது: மே மாதம் 3,900, செப்டம்பரில் 4,500. 2022ல் 5,000, 2025ல் 5,600. புதிய விண்ணப்பங்களுக்கு முதலிலும், புதுப்பிப்புக்கு ஓராண்டு கழித்தும் மாற்றம் நடப்புக்கு வந்தது. அந்த ஓராண்டில்தான் பலர் அசந்துவிடுகிறார்கள். அட்டை முடிவதற்குள் ஊழியருக்கும் இரண்டு மூன்று வயது கூடிவிடுகிறது. அடிப்படைத் தொகை ஒரு பக்கம் ஏற, வயதுக்கான தொகை மறு பக்கம் ஏறுகிறது.

எது சம்பளம் என்பதிலும் குழப்பம் உண்டு. அடிப்படைச் சம்பளமும் மாதந்தோறும் மாறாமல் கொடுக்கும் படியும் மட்டுமே கணக்கில் சேரும். மிகைநேர ஊதியம், போனஸ் ஆகியவை சேரா. தங்க இடம் கொடுக்கிறேன், சாப்பாடு போடுகிறேன் என்பதும் எடுபடாது.

சம்பளம் சரியாக இருந்தாலும் 'காம்பஸ்' என்ற புள்ளிமுறையைக் கடக்க வேண்டும். 40 புள்ளி தேவை. நிபுணர், மேலாளர் பிரிவில் 25 பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனங்களுக்கு இரண்டு அம்சங்களில் தலா 10 புள்ளி தானாகவே கிடைத்துவிடும். மிச்சம் 20 புள்ளியை ஊழியரின் சம்பளமும் கல்வித் தகுதியும் கொண்டுவர வேண்டும். சிறு நிறுவனங்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் உண்மையில் அவர்களுக்கு ஓரளவு சலுகை இருப்பதும் இதில்தான்.

எஸ் பாஸுக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். 2025 செப்டம்பரில் அதற்கான தொகை 3,300 வெள்ளி ஆயிற்று. 45 வயதில் 4,800. கூடவே மாதம் 650 வெள்ளி தீர்வை. சேவைத் துறையில் மொத்த ஊழியர்களில் 10 விழுக்காட்டினர்தான் எஸ் பாஸில் இருக்கலாம். ஒருவரை எடுக்க, முழுக் கணக்கில் சேரும் உள்ளூர் ஊழியர் ஒன்பது பேர் வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிலர் தேடும் குறுக்கு வழி ஒன்று உண்டு. 9,000 வெள்ளி என்று விண்ணப்பத்தில் எழுதி வங்கியிலும் போட்டுவிட்டு, 3,000 வெள்ளியை ரொக்கமாகத் திரும்ப வாங்கிக்கொள்வது. பொய்யான சம்பள விவரம் கொடுத்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வேலை கொடுப்பதற்காகப் பணம் திரும்ப வாங்கினால் அபராதம் 30,000 வெள்ளி வரை போகும். குடும்பத்தை இங்கே அழைத்துவந்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்ட ஊழியர் வாயைத் திறக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் இது நடக்கிறது. அப்படிக் கேட்கப்பட்டவர்கள் பணம் எடுத்த ரசீது, குறுஞ்செய்தி எதையும் தூக்கி எறியாதீர்கள். அமைச்சிடம் புகார் செய்யும்போது அவை தேவைப்படும்.

அட்டை முடிவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். அமைச்சின் இணையத்தளத்தில் சுயமதிப்பீட்டு வசதி இருக்கிறது. வயது, சம்பளம், கல்வித் தகுதி ஆகியவற்றைப் போட்டால் நிலைமை தெரிந்துவிடும். மின்சார வேலை நண்பரிடம் அங்கேயே கைப்பேசியில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அவருடைய மேற்பார்வையாளர் ஒருவரின் அட்டையும் அடுத்த ஆண்டு முடிகிறது என்பது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. அவருக்கு வயது 44.